பதினாறு மணி நேரம்

ஐந்தாம் செமஸ்டரில் வந்துதான் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. முதல் நான்கு செமஸ்டர்களும் பழைய பாடத்திட்டத்திலிருந்து சமர்த்தாக இறங்கிவிட்டன. தமிழுக்கு ஆறு மணி நேரம், ஆங்கிலத்துக்கு ஆறு, சமூகவியல் அறிமுகத்துக்கு ஐந்து, இந்தியச் சமூகத்துக்கு ஐந்து, மிச்சம் எட்டும் துண்டு துக்காணியாகப் போக, கூட்டினால் வாரத்துக்கு முப்பது. முப்பதுக்கு மேல் ஒரு மணி நேரம் போட்டாலும் பிள்ளைகளுக்கு டவுன் பஸ் போய்விடும், அதனால் முப்பது என்பது இந்தக் கல்லூரியில் வேதவாக்கு. செண்பகவல்லி கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது. மணி இரண்டேகால். நாளைக் காலை பத்து மணிக்குப் பாடத்திட்டக் குழு கூடுகிறது, வெளியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு முந்திரிக் கேக்கும் மிக்சரும் சொல்லியாகிவிட்டது, பாடத்திட்டம்தான் இன்னும் ஆகவில்லை. பி.ஏ. சமூகவியல், மூன்று வருஷம், ஆறு செமஸ்டர், ஆறு கட்டங்கள். அதில் ஐந்தாவது கட்டத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அந்த ஓர் இடத்துக்கு இரண்டு பேப்பர்கள் வெளியே நின்றன. ஒன்று குடும்பச் சமூகவியல், அது அவளுடையது. மற்றது தொழிற் சமூகவியல், அது ஜெபசிங்குடையது. காலையில் துறைத்தலைவர் உலகநாதன் சார் அவளை அறைக்குக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், "ஏம்மா செண்பகம், வேலைவாய்ப்புத் திறன்னு ஒரு பேப்பரை இந்த ஜூன்ல இருந்தே அஞ்சாவதுல கட்டாயமாக்கிட்டாங்க. அஞ்சு மணி நேரம் போயிருச்சு. இனிமே ரெண்டு கெஸ்ட் லெக்சரர் தாங்காது, ஒரு ஆளுக்குத்தான் பதினாறு மணி நேரம் வரும். ரெண்டு பேப்பர்ல ஒண்ணை எடுத்துட்டு நீயே பாத்துப் போட்டுரு. எனக்கு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான். நான் இதுல தலையிட மாட்டேன்." கண்ணாடியைத் துடைத்து முடித்து மாட்டிக்கொண்டு, ஏதோ பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர் மாதிரி டீ குடிக்கப் போய்விட்டார். தலையிட மாட்டாராம். தலையை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அவளுடைய தலையை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜெபசிங் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். துறை அறை என்பது வகுப்பறையின் பின்பாதிதான், நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் இந்தப் பக்கம் வந்துவிடும். வேலைநிறுத்தம் ஏன் நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லும்போது நிறுத்தினான், கேள்வி கேட்டான், ஒரு பையன் ஏதோ சொல்ல வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்துக்கொண்டே, "நீ சொல்றது முதலாளி வீட்டு மாப்பிள்ளை மாதிரி இருக்குப்பா, தொழிலாளி பக்கத்துல இருந்து சொல்லு" என்றான். ஒரு இடத்தில்கூட நாக்கு தட்டவில்லை. வகுப்பில் அவனுக்குத் திக்காது. வாசலைத் தாண்டி வராந்தாவுக்கு வந்தால் திக்கும், டீக்கடையில் திக்கும், துறைத்தலைவர் முன்னால் படுமோசமாகத் திக்கும். இரண்டு நிரந்தர வேலை நேர்காணலுக்குப் போய்விட்டு வந்தான். இரண்டாவது முறை வந்ததும் சிரித்தபடி அவளிடம் சொன்னான், "பே-பேரைச் சொல்லவே அரை நிமிஷம் ஆச்சுக்கா, அதுக்குள்ள ஒருத்தர் க-கடிகாரத்தைப் பாத்துட்டாரு." அவனுக்குப் பேச்சு இருக்கிற இடம் இந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற இருபதடிதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள், நினைத்ததும் தன்மேலேயே எரிச்சல் வந்தது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. ஏப்ரல் மாதம் பிற்பகலில் இந்த அறைக்குள் உட்காருவதற்குத் தனியாக ஒரு பட்டம் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு ஜன்னல், அதையும் பழைய புராஜெக்ட் புத்தகங்கள் நிரம்பிய பீரோ பாதி மறைத்துக்கொண்டிருந்தது. அவள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கட்டத்தைப் பார்த்தாள்.

மூன்று பேப்பர்கள் அசையாது. கோட்பாடுகள், ஆராய்ச்சி முறைகள், மக்கள்தொகை. ஒவ்வொன்றும் ஐந்து, ஆகப் பதினைந்து. அவை மூன்றும் நிரந்தர ஆசிரியர்கள் மூவருடையவை, மலையைப் பெயர்த்தாலும் பெயர்க்கலாம், அவற்றைத் தொட முடியாது. வேலைவாய்ப்புத் திறன் ஐந்து, பிற துறை விருப்பப் பாடம் ஐந்து, இருபத்தைந்து. மிச்சம் ஐந்து. இரண்டு பேப்பரையும் போட்டால் முப்பத்தைந்து. இரண்டையும் நான்கு நான்காகக் குறைத்தால் முப்பத்து மூன்று. மும்மூன்றாக வெட்டினால் முப்பத்தொன்று, ஆனால் முதன்மைப் பாடம் நான்குக்குக் கீழே போகக் கூடாது என்று விதி, போனாலும் அந்த ஒன்றை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது. கூட்டுத்தொகைக் கட்டம் சிவப்பாக மாறி அவளையே பார்த்தது. பிறகு ஒரு வழி தெரிந்தது. அந்த மூன்று பேப்பர்களையும் ஐந்திலிருந்து நான்காக்கினால் பன்னிரண்டு, அதோடு பத்து, அதோடு தங்களுடைய இரண்டும் நான்கு நான்காக எட்டு, முப்பது. கச்சிதமாக முப்பது. சிவப்பு போய்க் கட்டம் வெள்ளையாயிற்று. ஒரு நிமிஷம், முழுதாக ஒரு நிமிஷம், செண்பகவல்லி சந்தோஷமாக இருந்தாள். அப்புறம்தான் புரிந்தது, அப்படிச் செய்தால் நிரந்தர ஆசிரியர் மூன்று பேருக்கும் தலைக்கு ஒரு மணி நேரம் குறைந்து பதினைந்தாகிவிடும். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் இருந்தால் ஓர் ஆள் என்பது கணக்கு. பதினைந்து இருந்தால் உபரி ஆள். உபரி ஆளை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். மக்கள்தொகை மேடம் மதியம் டப்பாவைக் கழுவப் போகிறபோது இந்த மேஜை ஓரமாக நின்று, "என் பேப்பர்ல மட்டும் கை வச்சுராத தாயி" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். குரலில் ஒரு கோபமும் இல்லை, கீரையில் உப்பு கூட என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அவள் நான்குகளை ஒவ்வொன்றாகப் பழையபடி ஐந்தாக்கினாள். போகிற போக்கில் பக்கத்தின் அடியில் பார்வை பட்டது. சின்ன எழுத்தில் வேறொரு கல்லூரியின் பெயர் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ அந்தக் கல்லூரிப் பாடத்திட்டத்தை அப்படியே இறக்கி, மேலே பெயரை மாற்றிவிட்டு அடியில் மாற்ற மறந்திருக்கிறார்கள். அது பாடத்திட்டக் குழுவைத் தாண்டி, கல்விக் குழுவைத் தாண்டி, அச்சாகி, ஒரு செட் பிள்ளைகள் படித்தும் முடித்துவிட்டார்கள். ஒருவர்கூடக் கடைசி வரி வரை வாசிக்கவில்லை. வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள், ஜெபசிங்கைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பாள். இப்போது அதை அழித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

யாரும் வாசிப்பதில்லை. அப்படியானால் யார் போடுகிறார்களோ அவர்கள் போட்டதுதான். போடுகிறவள் நான். சரி, நான் எடுத்துக்கொண்டால் என்ன. பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன், அவன் ஒன்பது வருஷம்தான். மூப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஆனால் கௌரவ விரிவுரையாளருக்கு மூப்பு ஏது, ஒவ்வொரு ஏப்ரல் முடிவிலும் கையில் விடுவிப்பு ஆணையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், ஒவ்வொரு ஜூனிலும் புதிதாகச் சேருகிறோம், நான் பன்னிரண்டு தடவை புதிதாகச் சேர்ந்தவள், அவன் ஒன்பது தடவை. நடுவில் மே. மற்றவர்களுக்கு மே மாதம் என்றால் வெயில், செண்பகவல்லிக்கு மே மாதம் என்றால் வீடு. கணவனின் மூன்று தங்கைகளும் பிள்ளைகளோடு மே முதல் வாரமே வந்து இறங்குவார்கள், பதினான்கு பேர். அவளுடைய புத்தகங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து பரணுக்குப் போகும், ஏனென்றால் அங்கே பாய் விரிக்க வேண்டும். வேலைக்காரம்மாவை நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் மதினிதான் வீட்டில் இருக்கிறாளே. காலையில் இட்லி, அது முடிகிறபோது மதியக் குழம்பு, அது முடிகிறபோது பிள்ளைகளுக்குப் பணியாரம். எல்லாரும் நல்லவர்கள். அதுதான் சங்கடம். ஒருத்தியும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை, மதினி கைப்பக்குவம் யாருக்கு வரும் என்றுதான் சொல்வார்கள், சொல்லிவிட்டு இன்னும் நாலு தோசை கேட்பார்கள். போன வருஷம் மே இருபதாம் தேதி வாக்கில் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, வாளிக்கு முன்னால் நின்று மெதுவான குரலில், குடும்பத்தின் பணிகள் என்னென்ன, முதலாவது, என்று வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டாள். ஐந்து பணிகளையும் உதாரணத்தோடு சொல்லி முடித்தாள். வாளி நிரம்பி வழிந்தது. வெளியே வந்தபோது, என்ன மதினி இவ்வளவு நேரம், வயித்துக்கு ஒண்ணும் இல்லையே என்று ஒருத்தி அக்கறையாகக் கேட்டாள், ஓமத்தண்ணீர்கூடக் கொண்டுவந்து கொடுத்தாள்.

இந்த ஐந்து மணி நேரத்தை விட்டுக்கொடுத்தால் ஜூன் வராது. அவ்வளவுதான் விஷயம். மே முடிந்தால் இன்னொரு மே, அதற்கப்புறமும் மே. போன வாரம் சாப்பிடும்போது பேச்சுவாக்கில், இந்த வருஷம் மணி நேரம் குறையும்போல இருக்கு என்று கணவன் கோமதிநாயகத்திடம் சொன்னாள். அவர் உரக்கடைக்காரர், நிதானமானவர், அவளைப் படிக்கவைத்ததே தான்தான் என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர், அது உண்மையும்கூட. மோரை ஊற்றிக்கொண்டே, "நின்னுட்டா நின்னுட்டுப் போகட்டும், இத்தனை வருஷம் ஓடினது போதாதா, வீட்டோட நிம்மதியா இரு" என்றார். பாசமாகத்தான் சொன்னார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இவரிடம் என்னவென்று சொல்வது. அடித்தார், திட்டினார் என்றால் ஊருக்குச் சொல்லலாம். நிம்மதியாக இரு என்று சொன்னதற்காக ஒருத்தி பயப்படுகிறாள் என்றால் யார் கேட்பார்கள். ஒருநாள் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிற ஒரு பெண், குடும்பத்தைப் பற்றிய வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது எழுந்து, "மேடம், வீட்ல வேலை பாக்கிறவங்களுக்கு ரிலீவிங் ஆர்டர் யாரு குடுப்பா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது, செண்பகவல்லியும் சிரித்தாள், பலகைப் பக்கம் திரும்பி எதையோ எழுதப்போய், என்ன எழுதவேண்டும் என்பது மறந்து கொஞ்ச நேரம் சாக்பீஸோடு அப்படியே நின்றாள். இதெல்லாம் ஒரு காரணமா. ஜெபசிங்கின் நாக்குக்கு முன்னால் இது ஒரு காரணமா. தராசில் வைத்தால் எது இறங்கும். யாராவது மூன்றாவது ஆள் வந்து நிறுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும். இந்த அறையில் மூன்றாவது ஆள் இல்லை.

நன்றிக்கடன் வேறு வந்து குறுக்கே நின்றது. அவள் மகளுக்கு டெங்கு வந்து பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று வாரம் அவளுடைய வகுப்புகளையும் சேர்த்து ஜெபசிங்தான் எடுத்தான். தன்னுடைய பதினாறும், அவளுடைய பதினாறும். தொண்டை கட்டி, கடைசி வாரம் கையில் வெந்நீர் பாட்டிலோடு அலைந்தான். வருகைப் பதிவேட்டில் அவள் இடத்தை வெறுமையாக விட்டுவிடாமல் துறைத்தலைவரிடம் தாஜா பண்ணிச் சமாளித்தவனும் அவன்தான். திரும்பி வந்தபோது அவள் கண் கலங்கிவிட்டாள், அவன், "நீ-நீங்க இப்படிப் பண்ணினா அடுத்த தடவை ஹெல்ப் பண்ண மாட்டேன்க்கா" என்றான். அதற்கப்புறம்தான் மேடம் என்பது அக்கா ஆனது. அதை நினைக்க நினைக்க அவளுக்கு அவன்மேல் பாசம் வராமல் ஒரு கோபம் வந்தது. யார் உன்னை அப்படிச் செய்யச் சொன்னார்கள். மூன்று வாரம் எடுத்துவிட்டாய், அதற்குப் பதிலாக என் வாழ்நாள் முழுவதையும் கேட்கிறாய். அவன் எதையும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. இந்த விஷயம் அவனுக்குத் தெரியவே தெரியாது. தடுப்புக்கு அந்தப் பக்கம் நிம்மதியாக வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான், அங்கே தொழிலாளிகள் ஒற்றுமையாக இருக்கிறார்கள், கைகோத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். செண்பகவல்லி எழுந்து பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தாள், இன்னொரு தம்ளர் குடித்தாள், தாகம் அடங்குவதாக இல்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடலாமா என்று தோன்றியது. உடம்பு சரியில்லை என்று உலகநாதன் சாரிடம் சொல்லிவிடலாம். அவர் நல்லது என்று அந்தக் கட்டத்தை ஜெபசிங்கிடம் கொடுப்பார். அவன் உட்காருவான், ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் தன் பேப்பரைத் தூக்கிவிட்டு அவளுடையதைப் போடுவான். அப்படிச் செய்வான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அப்படியானால் உடம்பு சரியில்லை என்று சொல்வதும் அவளே போடுவதும் ஒன்றுதான், இன்னும் கொஞ்சம் அசிங்கம், அவ்வளவுதான். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. ஆராய்ச்சி முறை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற விஷயம்தானே, ஒவ்வொரு அலகுக்கும் தேர்வாகச் சம வாய்ப்பு, ஆராய்ச்சியாளரின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. மனசுக்குள் ஒரு வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. பழைய வினாத்தாளின் பின்பக்கத்தைக் கிழித்து ஒன்றில் குடும்பம் என்றும் இன்னொன்றில் தொழில் என்றும் எழுதினாள். மடித்தாள். சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள், டாக்டர் பட்டம் வாங்கினவள், முப்பத்தொன்பது வயசு, பிற்பகல் மூன்று மணிக்குச் சீட்டுக் குலுக்குகிறாள். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாள். இரண்டும் விரலில் தட்டின. ஒன்றை விட்டு இன்னொன்றை எடுத்தாள். பிரித்தால் குடும்பம். உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது, நான் இல்லை, சீட்டுத்தான், நான் என்ன செய்வேன், என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டாள். பிறகு டப்பாவைக் கவிழ்த்து மற்றச் சீட்டையும் எடுத்துப் பார்த்தாள். தொழில் என்று எழுதின சீட்டு இரண்டாகத்தான் மடித்திருந்தது. அவளுடையது நான்காக மடித்திருந்தது. எப்போது அப்படி மடித்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. விரலுக்குத் தெரிந்திருக்கிறது. முதலில் தட்டுப்பட்டதை விட்டுவிட்டுச் சின்னதாக, தடிமனாக இருந்ததைத்தான் விரல் தேடி எடுத்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. மறுபடியும் சரியாக மடித்துப் போடலாம். போடவில்லை. விரல் முடிவு செய்துவிட்டதை இனி மனசு மறுத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்து, இரண்டையும் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

ஐந்தாம் செமஸ்டரின் காலி இடத்தில் குடும்பச் சமூகவியல் என்று அடித்தாள். ஐந்து மணி நேரம். ஆறாவதில் அதன் தொடர்ச்சியான பேப்பரைப் போட்டாள். முப்பது, முப்பது. கட்டங்கள் அமைதியாயின. எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று நினைத்தாள், தப்பு செய்கிறபோது ஒரு சத்தமும் வரக் காணோம். முடிந்தது என்று அச்சுக்குக் கொடுக்கப் போனபோது கடைசிப் பக்கம் பாக்கி இருப்பது தெரிந்தது. நீக்கப்படும் பாடங்களின் பட்டியல். பாடத்தின் பெயர், குறியீட்டு எண், எத்தனை வருஷமாக நடத்தப்படுகிறது, நீக்குவதற்கான காரணம். காரணத்தை வெறுமையாக விட முடியாது, வெளியிலிருந்து வருகிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் அதைப் பார்ப்பார்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டால்தான் வந்ததற்கு அழகு. பெயரை எழுதினாள், எண்ணை எழுதினாள், ஒன்பது வருஷம் என்று எழுதினாள். காரணம். மணி நேரம் போதவில்லை என்று எழுதினால், அப்படியானால் குடும்பத்தை எடுத்திருக்கலாமே என்பார்கள். காலத்துக்கு ஒவ்வாதது என்று எழுதலாமா, சுற்றிலும் தீப்பெட்டி ஆலையும் நூற்பாலையும் இருக்கிற ஊரில் தொழிலைப் பற்றிப் படிப்பது காலத்துக்கு ஒவ்வாதது என்றால் கைகொட்டிச் சிரிப்பார்கள். போன தடவை பொருளியல் துறைக்காரர்கள் ஒரு பேப்பரைத் தூக்கியபோது எழுதியது ஞாபகம் வந்தது. எல்லாத் துறையும் எழுதுவதுதான், அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். 'மாணவர்களிடையே ஆர்வம் குறைவு' என்று அடித்தாள். கடைசி எழுத்தை அடிக்கிற நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் மறுபடியும் சிரித்தார்கள். ஒரு பெண், "சார், மணி அடிச்சாலும் பரவால்ல, அந்த மில் கதையை முடிங்க" என்றாள். ஜெபசிங் முடித்தான். கேட்கக் கேட்க செண்பகவல்லிக்கு அழுகை வந்தது, ஆனால் அழிக்கிற பொத்தான் பக்கம் கை போகவில்லை. அச்சு இயந்திரம் இழுத்து இழுத்து ஒவ்வொரு பக்கமாகத் துப்பியது.

மணி அடித்துப் பத்து நிமிஷம் கழித்துத்தான் அவன் வந்தான், கையெல்லாம் சுண்ணாம்புப் பொடி. நிரந்தர ஆசிரியர் மூன்று பேரும் மதியமே வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள், அவனுடையது மட்டும்தான் பாக்கி. "சா-சாப்பிட்டீங்களாக்கா?" என்றான். மணி நாலு ஆகப்போகிறது. "ம்" என்றாள். தாள்களை அவன் பக்கம் நகர்த்தினாள், கடைசிப் பக்கம் கடைசியாக இருக்கிற மாதிரி. "கையெழுத்து வேணும் ஜெபசிங். சார் காத்துக்கிட்டு இருக்காரு." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், முதல் பக்கத்தை எடுத்தான். வாசிக்க மாட்டான் என்று நினைத்தாள். வாசித்தான். முதல் செமஸ்டர், இரண்டாவது, ஒவ்வொரு வரியாக, விடைத்தாள் திருத்துகிற மாதிரி நிதானமாக. அவள் பீரோவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவதுக்கு வந்தபோது தாள் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பியது. ஆறாவது. பிறகு கடைசிப் பக்கம்.

"காலையில சார் சொன்னாரு," என்றான் ஜெபசிங், தாளிலிருந்து முகத்தை எடுக்காமல். "ஒண்ணுதான் நிக்கும், செண்பகம்தான் போ-போடுதுன்னு. உங்ககிட்ட வந்து கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

காலையிலிருந்து தெரியும் என்றால் அன்றைய மூன்று வகுப்பும் தெரிந்துகொண்டுதான் எடுத்திருக்கிறான். வீட்டைப் பற்றிச் சொல்லலாம், மே மாதத்தைப் பற்றிச் சொல்லலாம், வாளியைப் பற்றிக்கூடச் சொல்லலாம், எதைச் சொன்னாலும் அது இன்னொரு காரணமாகத்தான் இருக்கும்.

"ஜெபசிங்," என்றாள்.

"அதுக்கு இல்லக்கா. அது சரி. யா-யாராவது ஒருத்தர்தானே. இந்தக் காரணத்தை மட்டும் மாத்திரலாமா?" கடைசிப் பக்கத்தை அவள் பக்கம் திருப்பி விரலை வைத்தான். "ஆர்வம் குறைவுன்னு இருக்குல்லா. இதை வெப்சைட்ல போட்டிருவாங்க. நாளைக்கு வேற காலேஜ்ல நான் போய் நின்னா, எடுத்துப் பாப்பாங்க. ஒம்போது வருஷம் நான் மட்டும் எடுத்த பேப்பரு. பேசவும் வராது, பிள்ளைகளுக்கும் பிடிக்கலைன்னு ஆயிரும்."

"என்ன போடணும், சொல்லுங்க. நான் மாத்திடுதேன்," என்றாள்.

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அவளுக்கு உதவி செய்கிறவன் மாதிரி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு.

"கற்பிக்க ஆசிரியர் இல்லைன்னு போடுங்க. ஜூன்ல இருந்து அதுதானே உண்மை. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

செண்பகவல்லி கணினிப் பக்கம் திரும்பினாள். பழைய வரியை அழித்துவிட்டு அவன் சொன்னதை அடித்தாள். அவன் எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்து, "சரியா இருக்குக்கா" என்றான். அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடியும் அச்செடுத்தார்கள். தாள் வெளியே வந்ததும் அவனே எடுத்து மேஜைமேல் வைத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கீழே பாட ஆசிரியர் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டான்.